இருபத்திரண்டு நாற்காலியும் ஒரு மணி நேர மசாஜும்

பிப்ரவரி 3, திங்கள்

என் நாற்காலி இன்றும் இறங்கியது. காலை ஒன்பதரைக்கு உட்காரும்போது கணினித் திரை என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. பதினோரு மணிக்கு நெற்றிக்கு நேர். ஒன்றரைக்குச் சாப்பிடப் போகும்போது, கோபுரம் பார்க்க வந்தவள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே காற்று கசிகிறதாம். பராமரிப்புக்கு வருகிறவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்று முறையும் சரியாகவே சொன்னார்.

எங்கள் தளத்தில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு நாற்காலிக்கும் இதே கதை. சிலது இறங்கும், சிலது சாயும், பக்கத்து இருக்கை ஜாஸ்மினுடையது இரண்டையும் செய்யும். புது நாற்காலி கேட்டு மனு எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மாலை மனிதவளப் பிரிவு பத்மபிரியா மேடத்திடம் கொடுத்தேன். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு சுகந்தி" என்றார்.

எங்கள் வேலை, மருத்துவக் காப்பீட்டில் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, எதைத் தள்ளலாம் என்று கண்டுபிடிப்பது. இன்று திருப்பூர் பனியன் கம்பெனித் தையல்காரப் பெண் ஒருவர் இடுப்புவலிக்குப் பிசியோதெரபி செய்த செலவைக் கேட்டிருந்தார். சிகிச்சை முடிந்து கிளம்பும்போது "வலி இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது போதும். எங்களிடம் ஒரு தயார் வாக்கியம் உண்டு: "பயனாளியே வலி நீங்கியதாக ஒப்புதல் அளித்திருப்பதால் மேற்கொண்டு பரிசீலிக்க இடமில்லை." ஒட்டினேன். அடுத்ததைத் திறந்தேன். அந்தப் பெண் மறுபடி அதே மிஷினில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. தங்க நிறக் கவரில்.

மேடம் எங்களை நிற்கவைத்துப் பேசினார். "உங்க வலி எங்க வலி. அதனால இந்த மாசத்தை ஆரோக்கிய மாதமா அறிவிச்சிருக்கோம். ஆளுக்கு ஒரு கூப்பன். ரேஸ்கோர்ஸ் பக்கத்துல அமிர்தகலா ஆயுர்வேத நிலையம். அறுபது நிமிஷம் ஃபுல் பாடி மசாஜ். இருபத்து மூணாம் தேதிக்குள்ள போயிட்டு வந்துடுங்க."

"நாற்காலி, மேடம்?"

"அது அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம். முதல்ல உடம்பு, அப்புறம்தான் ஃபர்னிச்சர். இல்லையா?"

கை தட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். அதற்காக என் மீதே எனக்குக் கோபம்.

டீ குடிக்கும் அறையில் எல்லோரையும் கூட்டினேன். "இது லஞ்சம். வலியை உண்டாக்கறதும் அவங்க, தைலம் தடவறதும் அவங்க. லாரி கிளீனர் வண்டிக்கு கிரீஸ் அடிக்கிற மாதிரி நமக்கு எண்ணெய் அடிச்சு மறுபடி ஓட்டப்போறாங்க. ஒருத்தரும் போகக்கூடாது. இருபத்திரண்டு கூப்பனும் அப்படியே திரும்பிப் போகணும்" என்றேன். ஜாஸ்மின் காபி மிஷின் மேல் கை வைத்து, "கர்த்தர் மேல ஆணையா போகமாட்டேன்" என்றாள். எல்லோரும் வரிசையாக வந்து மிஷின் மேல் கை வைத்தார்கள். சூடாக இருந்ததால் சீக்கிரம் முடிந்தது.

ரங்கராஜ் அண்ணன் மட்டும் தயங்கினார். எங்களில் மூத்தவர், நாற்பத்தாறு. மூடிப்போன ஒரு பஞ்சு மில்லில் கணக்கு எழுதிவிட்டு இங்கே வந்தவர். சட்டைக்குள் இடுப்பு பெல்ட் போட்டிருப்பார்.

"சும்மா குடுக்கறதுதானே அம்மணி. ஒரு மணி நேரம் படுத்துட்டு வந்தா என்ன தப்பு?"

"ஒருத்தர் போனாலும் மனு செத்துரும் அண்ணா."

கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீ சொன்னாச் சரி."

பிப்ரவரி 7, வெள்ளி

கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை. சாலையைக் கடக்க உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருக்கிறது. காந்திபுரத்தில் ஒரு பேருந்து நடத்துநர், "போலீஸ்ல சேந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இணையத்தில் பார்த்தேன், அந்த நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் என்று போட்டிருக்கிறது. படுத்திருப்பதற்கு! பணக்காரர்களுக்கு வலிப்பதற்கு என்ன இருக்கிறது? அவர்கள் நாற்காலிகள் இறங்குவதில்லையே.

விடுதியில் இந்தக் கூப்பனைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது வார்டன் அம்மாள் கேட்டுவிட்டார். "மசாஜா? நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க போற எடமா அது? கண்டவங்க தொடறதுக்குப் போயி படுத்துக்கறதா?"

நல்ல குடும்பம் என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு பெண் தன் கழுத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று இந்த அம்மாள் யார் சொல்வதற்கு? அந்த நிமிடத்தில் கூப்பன் வேறு மாதிரி தெரிந்தது. கொள்கை அளவில் சொல்கிறேன். போகப்போவதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஒன்றை எதிர்ப்பவர் அது என்னவென்று தெரிந்துகொண்டு எதிர்ப்பதுதான் நேர்மை. ஆய்வுக்காகப் போவது வேறு, அனுபவிக்கப் போவது வேறு.

சனிக்கிழமை மூன்று மணிக்கு இடம் இருக்கிறதாம்.

பிப்ரவரி 15, சனி

துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். வெயில்.

வாசலில் வெண்கல விளக்கு, பித்தளை உருளியில் தாமரை, சுவரில் கதகளி முகம். தாமரை பிளாஸ்டிக். ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து உடை மாற்றச் சொன்னார்கள். பிரித்தால், காபி வடிகட்டப் பயன்படும் மாதிரித் துணியில் ஒரு ஜட்டி. இதைக் கண்டுபிடித்தவன் எவனாக இருந்தாலும் அவனை அதைப் போட்டுக்கொண்டு உக்கடம் பேருந்து நிலையத்தில் ஒரு சுற்று நடக்கவைக்க வேண்டும்.

மசாஜ் செய்பவருக்கு நாற்பது வயது இருக்கும். முண்டு, சந்தனப் பொட்டு, நெஞ்சில் "ஸ்ரீஜா" என்று பட்டை. "வேதன எவிடெயா சேச்சி?" என்றார். வலி எங்கே என்கிறார்; கழுத்தைக் காட்டினேன். தோணி மாதிரி நீளமான மரக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். எண்ணெயைச் சூடுபடுத்திக்கொண்டு திரும்பியவர் கட்டில் காலில் சுண்டு விரலை இடித்துக்கொண்டார்.

"அய்யோ ஆத்தா, கருமம் புடிச்ச கட்டலு!"

நான் தலையைத் தூக்கினேன். "நீங்க எந்த ஊரு?"

"பாலக்காடு."

"நெசமாவா?"

கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து, "காங்கேயம் பக்கமுங்க. பேரு பழனாத்தா. வெளிய சொல்லிப்போடாதீங்க" என்றார். "மலையாளத்துல பேசுனாத்தான் கை நல்லாருக்குதுன்னு சொல்றாங்க. மொதல்ல ஒரு வாரம் தமிழ்லயே பேசுனேன். 'பவர் இல்லை'ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் பத்து வார்த்தை கத்துக்கிட்டேன். அதே கைதான். இப்பப் பவர் வந்துருச்சாமா."

எனக்குள் எல்லாம் எரிந்தது. படுத்தபடியே விசாரணையைத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர்? ஆறு. நடுவில் ஓய்வு? சட்டி கழுவும் நேரம். மருத்துவ வசதி?

"ஏனுங் அம்மணி, கொஞ்சம் பேசாம படுங்க. நீங்க பேசப் பேச கழுத்து கல்லாட்டம் ஆவுது. நான் எளக்கறேன், நீங்க இறுக்கறீங்க."

"உங்களுக்கு வலிச்சா யாரு பாக்கறாங்க?"

"எனக்கா? காங்கேயம் போற பஸ்ஸு. பின் சீட்ல உக்காந்தா ஒண்ணரை மணி நேரம் குலுக்கோ குலுக்குன்னு குலுக்கிப்போடும். காசும் கம்மி."

பிறகு பேச முடியவில்லை. அந்தக் கை என்ன செய்தது என்று எழுத வராது. தோள்பட்டைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒன்று இருந்ததாம், அதைக் கண்டுபிடித்து, பெருவிரலால் அங்கேயே நின்றார். நான் "விடுங்க விடுங்க" என்றேன். விடவில்லை. அப்புறம் அது தானாகவே விட்டது.

"கழுத்துல ஒண்ணுமில்லீங். பல்லக் கடிச்சுக்கிட்டே இருக்கறீங்க போல. யாரு மேல கோவம்?"

"எல்லார் மேலயும்."

"எல்லார் மேலயும்னா ஒரு கழுத்து எப்படித் தாங்குமுங்?"

கடைசியில் திருப்பிப் படுக்கவைத்து, இரண்டு கையாலும் என் தலையைத் தூக்கிப் பிடித்தார். வேறொன்றும் செய்யவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். "கனத்தை உடுங்க. நான் புடிச்சுருக்கறன்ல" என்றார். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது. தண்ணீராக வந்தது. எண்ணெய் அதுவரை முதுகுக்கு மட்டும்தான் தேய்த்திருந்தார் என்பது வேறு விஷயம்.

வெளியே வந்ததும் சுக்குக் காபியும் ஒரு படிவமும் கொடுத்தார்கள். வலி நீங்கியதா? எத்தனை நட்சத்திரம்? பழனாத்தாள் தள்ளி நின்று சுவர்க் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் படிக்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

"நாலுக்குக் கீழ போனா அடுத்த வாரம் வேலை நாளைக் கொறச்சுப்போடுவாங்க. அதுக்குன்னு சொல்லலீங். நீங்க தோணறதை எழுதுங்க" என்றார் காலண்டரைப் பார்த்து.

ஒரு தொழிலாளியின் வயிற்றில் அடிக்க நானா கிடைத்தேன்? ஐந்து நட்சத்திரம் போட்டேன். "வலி முழுமையாக நீங்கிவிட்டது. உழைக்கும் இந்தக் கைகளுக்கு வணக்கம். இவரை உடனடியாக நிரந்தரப் பணியாளர் ஆக்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பதினொரு மணி நேரம் தூங்கினேன். எழுந்து இடது பக்கம் திரும்பினேன். திரும்பியது! இடது பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். கழுத்து சரியாகிவிட்டதால் போனைப் பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஆடி மாதம் சண்டை போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்" என்றேன். இதையே நான்கு விதமாகப் பேசி முக்கால் மணி நேரம் போய்விட்டது.

ஆய்வின் முடிவு: மசாஜ் என்பது ஏமாற்று வேலை இல்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ஒற்றுமை மனிதர்களை எப்படி மலரவைக்கிறது என்று இன்று கண்ணால் பார்த்தேன். தளம் முழுக்க ஒரு தெளிவு. எப்போதும் சிடுசிடுக்கும் கதிரவன் தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். ஜாஸ்மின் பாடிக்கொண்டே வேலை செய்தாள். அவள் தலையில் ஏதோ மூலிகை எண்ணெய் வாசம். வீட்டில் புது எண்ணெய் காய்ச்சினார்களாம். என் மேலும் அதே வாசம் என்பதால் நான் துருவிக் கேட்கவில்லை.

"யாரும் போகலையே?" என்று மதியம் எல்லோரிடமும் கேட்டேன். ஒரே குரலில் "இல்லை!" என்றார்கள். இப்படிப்பட்டவர்களோடு எதையும் சாதிக்கலாம்.

பன்னிரண்டே காலுக்கு நாற்காலி இறங்கி முடித்திருந்தது. பன்னிரண்டரைக்குக் கழுத்து பழையபடி பிடித்துக்கொண்டது. ஜன்னல் மறுபடி காணாமல் போய்விட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

சாப்பிட்டுவிட்டு எழும்போது ரங்கராஜ் அண்ணனால் நிமிர முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி வளைவில் நின்றார். கதிரவனும் நானும் பிடித்து நிறுத்தினோம். முகமெல்லாம் வியர்வை.

"டாக்டரைப் பாருங்களேன் அண்ணா."

"பாத்தாச்சு அம்மணி. நல்ல சேர்ல உக்காரச் சொல்றாரு." சட்டைப் பையைத் தட்டினார். தங்க நிறக் கவர் எட்டிப் பார்த்தது. "நேத்து ராத்திரி இதை எடுத்து எடுத்துப் பாத்தேன். போயிரலாமான்னு இருந்துச்சு. அப்புறம், எல்லாரும் ஒண்ணா நிக்கறப்ப நான் மட்டும் போனா நல்லாருக்குமான்னு வெச்சுட்டேன்."

கதிரவன் திடீரென்று கை கழுவப் போய்விட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. விடுதி சாம்பார் சரியில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மனுவுக்கு இறுதிப் பதில் தர மேடம் எங்களைக் கூட்டினார். திரையில் ஒரு வட்டப் படம். வட்டம் கிட்டத்தட்ட முழுக்கப் பச்சை. "உங்க எல்லாருக்கும் நன்றி. இருபத்திரண்டு கூப்பன்ல இருபத்தொண்ணு யூஸ் ஆகியிருக்கு!"

இருபத்தொன்று. அதில் நான் ஒன்று. மீதி இருபது யார் யார் என்று பார்க்கத் தலையை நிமிர்த்தினேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சுத்தமான தரை இல்லை அது.

"இருபத்தொரு பேரும் வலி முழுசா போயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் படிக்கறேன், பேர் சொல்ல மாட்டேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "'உழைக்கும் இந்தக் கைகளுக்கு வணக்கம். இவரை உடனடியாக நிரந்தரப் பணியாளர் ஆக்க வேண்டும்.'"

இருபது தலைகளும் என் பக்கம் திரும்பின. எல்லோருக்கும் கழுத்து நன்றாகவே வேலை செய்தது.

அடுத்து, மனுவுக்கான பதிலைத் திரையில் போட்டார். "பயனாளிகளே வலி நீங்கியதாக ஒப்புதல் அளித்திருப்பதால் மேற்கொண்டு பரிசீலிக்க இடமில்லை." ஒரு 'கள்' மட்டும் கூடுதல்; மற்றபடி நிறுத்தற்குறி உட்பட நான் தினமும் ஒட்டுவது. விண்ணப்பம் விண்ணப்பமாக ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஒட்டுகிறேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதைப் படிப்பது இதுதான் முதல் தடவை.

அப்போது பின்வரிசையில் ரங்கராஜ் அண்ணன் எழுந்தார். எழுந்து முடிக்க நேரம் பிடித்தது. மேடம் காத்திருந்தார்.

"நான் போகலீங் மேடம். எனக்கு வலி இருக்குதுங். எங்கிட்ட ஒப்புதல் ஒண்ணும் வாங்கலீங்களே? எனக்கு மட்டும் பரிசீலிக்க எடமிருக்குதுன்னு நெனைக்கறேன்."

அவருக்குப் பதினொரு வருடம் பஞ்சு மில் கணக்கு, ஐந்து வருடம் காப்பீடு. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நோட் பண்ணிக்கறேன்" என்றார்.

வெளியே வந்ததும் ஜாஸ்மின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போகமாட்டேன்னு நம்பித்தான்டி நான் போனேன். ஒருத்தி போனா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்." கதிரவனும் அப்படித்தான் நினைத்தானாம். இருபத்தொரு பேரும் தனித்தனியாக அந்த ஒருத்தராகப் போய் வந்திருக்கிறோம். பழனாத்தாள் காலண்டர் படிப்பதைப் பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ரங்கராஜ் அண்ணன் எங்கள் யாருடனும் டீ குடிக்க வரவில்லை.

பிப்ரவரி 26, புதன்

ஒரு நாற்காலி வந்தது. ஒன்றே ஒன்று. கறுப்பு வலை முதுகு, தலைக்குத் தனித் திண்டு, இடுப்புக்குத் தனி வளைவு. ரங்கராஜ் அண்ணன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அசைந்தால் சரசரவென்று சத்தம் வருகிறது. இருபத்தொரு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தோம்.

மாலை, மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவர் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்க வாக்கியம் தயாராக இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டியே அம்மணி?"

"கேளுங்க அண்ணா."

"அந்த மசாஜு. நல்லாருந்துச்சா?"

சுமார் என்று சொல்லியிருக்கலாம். காசுக்குப் பிடித்த கேடு என்று சொல்லியிருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். வாயில் அதுதான் வந்து நின்றது.

"ரொம்ப நல்லாருந்துச்சு அண்ணா. கிட்டத்தட்ட ரெண்டு நாள் வலியே இல்ல. வலி இல்லாம இருக்கறது எப்படி இருக்கும்ங்கறதே மறந்து போயிருந்தேன்."

தலையை ஆட்டினார். பிளாஸ்டிக் சரசரத்தது.

"அப்ப என்னை ஏம்மா போக வேண்டாம்னே?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று முழுக்க உட்கார்ந்து மறுபரிசீலனை மனு எழுதினேன். முதல் வரி: "நான் மசாஜுக்குப் போனேன், போகக்கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனேன்." இரண்டாவது வரி: "என் வலி முழுமையாக நீங்கியது உண்மை. திங்கள் மதியம் பன்னிரண்டரைக்கு அந்த நாற்காலியில் அது திரும்பி வந்ததும் உண்மை." அதற்குக் கீழே, ஒவ்வொருவரும் எந்த நாள் போனார்கள், வலி எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்பியது என்று அவரவர் கையால் எழுதினார்கள். ஒருவருக்குக்கூட அடுத்து வந்த திங்கள் மாலையைத் தாண்டவில்லை.

ரங்கராஜ் அண்ணனிடம் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவராகவே வந்து காகிதத்தை வாங்கி, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, இருபத்திரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டார். "எனக்குத்தான் சேர் வந்துருச்சு. சாட்சின்னு போட்டுக்க" என்றார். பிறகு, "அடுத்த தடவை எதுக்காவது சத்தியம் வாங்குனா நீ மொதல்ல கையை வெச்சு, கடைசி வரைக்கும் எடுக்காதே" என்றார்.

பதினொரு மணிக்கு எல்லோரும் சேர்ந்து மேடத்தின் அறைக்குப் போனோம். மேடம் இரண்டு முறை படித்தார்.

"அப்போ மசாஜ் வேலை செஞ்சுதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க, சுகந்தி."

"ஆமாம் மேடம். நல்லா வேலை செஞ்சுது. அந்த அம்மா கை அப்படி. உங்க நாற்காலியும் நல்லா வேலை செய்யுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "சரி, வெச்சுட்டுப் போங்க" என்றார்.

பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வேண்டும் என்றேன். முத்திரை மேல் மாடியில் இருக்கிறது, அது வரக் கொஞ்ச நேரமாகும், அதுவரை எல்லோரும் போய் உட்காருங்கள் என்றார்.

யாரும் போகவில்லை. புது நாற்காலியை விட்டுவிட்டு வந்த ரங்கராஜ் அண்ணன் ஒரு கையைக் கதிரவன் தோளிலும் ஒரு கையைச் சுவரிலும் ஊன்றிக்கொண்டார். முத்திரை வர ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் இருபத்திரண்டு பேரும் நின்றோம். கழுத்து கொஞ்சம் பரவாயில்லை.